தொப்பியில் ஒரு தோல் வில்லை
(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் தோல் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களது ஐயம் நியாயமானதே. 1927ஆம் ஆண்டு மகத் மாநாட்டிற்குப் பின்னர், செத்த மாட்டைச் சுமக்க மாட்டோம் என்று பல ஊர்களில் மகர் மக்கள் மறுத்து நின்றனர். பிறப்பைக் காட்டிச் சுமத்தப்படும் தொழிலை மறுப்பது நமது உரிமை. ஆயினும் தோலைப் பற்றிய அறிவு வேறு. அதைக் காட்டி நம்மீது ஏற்றிய இழிவு வேறு. இழிவோடு அறிவையும் எறிந்துவிட்டால், அதைப் பொறுக்கியெடுத்து விற்பவர் வேறொருவராகிவிடுகிறார்.

சிறிய வேலையிலிருந்து தொடங்குவோம். கடையில் வாங்கிய சாதாரணத் தொப்பியின் முன்புறத்தில் பொருத்தும் தோல் வில்லை, உள்ளங்கையில் அடங்கும் பொருள். குரோமில் பதனிட்ட தோல் இதற்கு ஆகாது; அச்சை அழுத்தினால் மீண்டும் எழும்பிவிடும். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலே அச்சை ஏற்கும். நம் நாட்டின் அத்தகைய தோல்தான் ஈ.ஐ. தோல் என்னும் பெயரில் 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத் தோல் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு வேண்டாம். நெற்றி வளைவுக்கு அது இணங்காது.

முதலில் காகிதத்தில் வெட்டித் தொப்பியின்மீது வைத்துப் பாருங்கள். பிறகு தோலை வெட்டி ஈரத்துணியால் நனைத்து, அதன் பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வேளையில் எழுத்தை அழுத்துங்கள். இரும்பு அச்சு வேண்டாம். ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுத்த கறை விழும், பித்தளையே நல்லது. ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் குத்தூசியால் துளையிடுங்கள். துளைகள் நெருங்கினால் அஞ்சல்தலை கிழிவதுபோல் தோல் கிழிந்துவிடும். நூலுக்குத் தேன்மெழுகு பூசுங்கள். தைக்கும்போது தொப்பிக்குள் நெற்றியை ஒட்டும் பட்டையை வெளியே மடித்துவிடுங்கள். மறந்தால் அதுவும் சேர்ந்து தைபட்டுவிடும்.

வில்லையில் எதைப் பொறிப்பது? முற்காலத்தில் அலுவலகச் சேவகரின் மார்பில் பித்தளை வில்லை இருந்தது. அதில் இருந்தது அலுவலகத்தின் பெயர், அவருடையதன்று. இன்றும் செருப்பில் விற்பவரின் பெயர் இருக்கிறது, தைத்தவரின் பெயர் இல்லை. ஆகவே முன்னே எதை வேண்டுமானாலும் பொறியுங்கள். ஆனால் வில்லையின் பின்புறத்தில், தைப்பதற்கு முன், உங்கள் பெயரை அடியுங்கள். விலை கூறும்போது தோலுக்கும் தொப்பிக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல், செலவழித்த அரைநாளையும் சேர்த்துக் கேளுங்கள். உறவினர் என்று குறைத்துக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்!

நான்கு குத்தூசிகளும் பித்தளை எழுத்துகளும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். தொப்பியை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.