ஏரி ஜலத்தின் குணத்தைச் சோதித்தறியும் விதம்



கண்டமங்கலம் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு ஊசுட்டேரியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கராபரணி ஆற்றின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாய் வந்து நிரம்பும் இவ்வேரி சுமார் 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளது. இதில் ஒரு பாகம் புதுச்சேரியையும், மற்றொரு பாகம் விழுப்புரம் மாவட்டத்தையும் சேர்ந்தது. புதுச்சேரிப் பாகம் 2008-ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எல்லை இரண்டாயினும் ஜலம் ஒன்றே. ஒரு கரையில் விழும் அசுத்தம் மறு கரையையும் சேரும்.

ஆழங் குறைந்த ஏரிக்குத் தனியான ஆபத்தொன்று உண்டு. காற்றடித்தால் அடிச்சேறு கலங்கி, அதிலுள்ள உரச்சத்து மேலெழும்பும். வயல்களிலிருந்து வழியும் உரமும் சாக்கடை நீரும் அதனோடு சேர்ந்தால் பாசி மிகுதியாய்ப் பெருகும். பாசி மூடவே, அடியிலுள்ள நீர்ச்செடிகள் வெளிச்சமின்றி அழியும். சேற்றைப் பிடித்து நிறுத்தும் வேர்கள் போனபின் ஏரி மேலும் கலங்கும். இந்நிலையை ஒருமுறை அடைந்த ஏரி மீண்டும் தெளிவது மிகவும் கடினம்.

பாசி பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும், இரவில் அதைச் செலவழிக்கிறது. ஆகையால் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பதைக் கண்டால், அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். இரண்டொரு நாளில் மீன்கள் செத்து மிதக்கலாம். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் முதலும் அத்துடன் போகும்.

ஜலத்தைச் சோதிக்கச் சுலபமான வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, தெளிவு. 1865-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வானசாஸ்திரியான ஆஞ்சலோ சேக்கி என்பவர், வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். ஏரியிலும் அவ்வாறே அளக்கலாம். மாதந்தோறும் ஒரே இடத்தில், நடுப்பகலில் அளந்து குறித்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, கலங்கலின் காரணம். ஒரு கண்ணாடி டம்ளரில் ஜலத்தை எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வைக்கவும். சேறு பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். மறுநாளும் பச்சை நிறம் மாறாதிருந்தால் அது பாசியின் வேலை.

மூன்றாவது, நீரில் வாழும் சிற்றுயிர்கள். ஜெர்மனி தேசத்து கோல்க்விட்ஸ், மார்ஸன் என்ற இருவர், எந்த அசுத்தத்தில் எந்தப் பிராணி வாழும் என்று 1909-ஆம் வருஷத்தில் அட்டவணை வகுத்தனர். கரையோரச் செடிகளிடையே சல்லடையால் அரித்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கவும். தட்டான் குஞ்சு, நத்தை, இறால், நீர்வண்டு எனப் பலவகை காணப்பட்டால் ஏரி நல்ல நிலையிலிருப்பதாக எண்ணலாம். செம்புழு ஒன்றே திரளாக இருந்தால் நிலைமை கெட்டது. அப்புழுவின் செந்நிற இரத்தம் பிராணவாயு அருகிய சேற்றிலும் அதனைப் பிழைக்கச் செய்கிறது. மற்றவை அங்கே பிழையா.

ஆயினும் ஒன்றை மறவாதிருங்கள். தெளிந்த ஜலமெல்லாம் குடிக்கத் தக்கதன்று. வாந்திபேதி, குடற்சுரம் இவற்றின் கிருமிகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றைச் சோதனைச்சாலையிலேதான் அறியக்கூடும். வெளியிடத்தில் ஸ்நானம் செய்வதற்குரிய ஜலத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு கரைந்திருக்க வேண்டுமென்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் விதித்துள்ளது. குடிப்பதற்கோ, காய்ச்சி ஆறவைத்த நீரே உத்தமம்.

ஒவ்வொரு சங்கமும் ஏரிக் கணக்குக்கென ஒரு நோட்டுப்புத்தகம் வைக்கட்டும். கடன் கணக்கில் ஒரு தவணை தவறினால் உடனே கேட்கும் அங்கத்தினர்கள், ஏரியின் தெளிவு இரண்டு மாதம் குறைந்தாலும் கேட்க வேண்டாமா? வரத்துக் கால்வாயில் குப்பையும் சாக்கடையும் விழாமற் காப்பதும், உரத்தை அளவறிந்து இடுவதும் செலவில்லாத காரியங்கள். கெட்டபின் ஏரியைத் திருத்தும் செலவை எந்தச் சங்கத்தின் ரிஸர்வ் நிதியும் தாங்காது. ஆகவே அடுத்த மாதக் கூட்டத்திலேயே இவ்வேலைக்கு இருவரை நியமித்துத் தீர்மானம் செய்வீர்களாக.