குருவின்றிப் பாடிய மெஹபூப்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களுக்கு வந்துள்ள நாம், அவ்விடத்து மொழியைப் பெரும்பாலும் கடைத்தெருவிலேயே கற்கிறோம். அரிசி விலையும் பஸ் கட்டணமும் கேட்கத் தெரிந்தவுடன் போதும் என்று நின்றுவிடுகிறோம். அம்மொழியில் ஒரு பாட்டைப் பாடத் துணிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அவ்வாறு துணிந்து, ஓர் ஊரின் குரலாகவே ஆகிவிட்ட ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி, மிளகும் சுக்கும் மணக்கும் பழைய வாணிபத் துறை. குஜராத்தியர், கொங்கணியர், தக்கணி உருது பேசும் முஸ்லிம்கள் எனப் பல மொழியினர் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். அதனை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக உள்ளன. அந்த ஃபோர்ட் கொச்சியில், 1926-ஆம் ஆண்டு, தக்கணிக் குடும்பமொன்றில் பிறந்தவர் மெஹபூப்.

இளமையில் வறுமை அவரைப் பள்ளியில் இருக்க விடவில்லை. ஆங்கிலேயப் பட்டாளத்தாரின் பூட்சுகளுக்கு மெருகிட்டுப் பிழைத்த சிறுவன் அவர். குருகுலவாசம் இல்லை, ஸ்வரப் பயிற்சி இல்லை. நம் முன்னோர் கேள்வி ஞானம் என்று கூறினார்களே, அது ஒன்றே அவருடைய முதல். காதால் கேட்டதைத் தொண்டையில் ஏற்றிக் கொண்டார். கல்யாண வீடுகளில் பாடினார். மெஹஃபில் எனப்படும் இரவுக் கூட்டங்களில் பாடினார். ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, சுற்றிலும் நண்பர்கள். மேடையும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. வீட்டில் பேசிய மொழி வேறாயினும், மலையாளப் பாட்டைத் தம் சொந்தப் பாட்டாகவே அவர் பாடினார். கொச்சி மக்கள் அவரை மெஹபூப் பாயி என்றே அழைத்தனர்.

1951-இல் வெளிவந்த ‘ஜீவித நௌகா’வில் அவர் குரல் திரையில் ஒலித்தது. அந்நாளில் இந்தி மெட்டுக்கு மலையாளச் சொற்களைப் பொருத்துவதே வழக்கமாயிருந்தது. 1954-இல் ‘நீலக்குயில்’ அவ்வழக்கத்தை மாற்றிற்று. அதற்கு இசையமைத்த கே. ராகவன் வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். நாட்டுப்புற மெட்டுகளைத் திரைக்குக் கொணர்ந்தார். அப்படத்தில் குறும்பு ததும்பும் பாட்டொன்றை மெஹபூபுக்கு அளித்தார். மண்ணின் மெட்டுக்குத் தெருவில் வளர்ந்த குரல் எத்துணைப் பொருத்தம் என்பதைக் கேட்டவர் உணர்ந்தனர்.

1961-இல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில், டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில், ‘கண்டம் பெச்ச கோட்டு’ வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப் படம் அது. ஒட்டுப்போட்ட கோட்டு அணிந்த ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் கதை. எம். எஸ். பாபுராஜ் இசையில் அந்தக் கோட்டைப் பற்றிய பாட்டைப் பாடியவர், ஒரு காலத்தில் பிறர் பூட்சுகளைத் துடைத்த மெஹபூப்!

அதே ஃபோர்ட் கொச்சியில் 1940-இல் பிறந்து, திருப்பூணித்துறையில் முறையாகச் சங்கீதம் பயின்ற கே. ஜே. யேசுதாஸின் காலம் பின்னர் தொடங்கிற்று. திரையுலகம் பயிற்சி பெற்ற குரல்களை நாடிற்று. மெஹபூபோ மெஹஃபில்களில் தொடர்ந்து பாடினார். பிற்காலத்தில் கஜல் பாடகராகப் புகழ்பெற்ற மட்டாஞ்சேரி உம்பாயி, இளமையில் அவருக்குத் தபலா வாசித்தவரே. செல்வம் சேர்க்காமலேயே, 1981 ஏப்ரல் 22-ஆம் நாள் மெஹபூப் மறைந்தார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. திரையில் பாடியவை இசைத்தட்டுகளில் நிலைத்தன. மெஹஃபில்களில் விடியும்வரை பாடியவற்றுள் பெரும்பகுதி, கேட்டவர் நினைவில் மட்டுமே தங்கிற்று. அந்நினைவும் முதுமை எய்தி மறைகிறது. ஏட்டில் எழுதிக் கற்காத கலைக்கு நேரும் இழப்பு இது.

நம் வீடுகளிலும் அத்தகைய செல்வம் உண்டு. பாட்டியின் தாலாட்டும், நடவுப் பாட்டும், நலங்குப் பாட்டும் எந்தப் பள்ளியிலும் கற்றவை அல்ல. இன்று பதிவு செய்யும் கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பாடும் குரல் வீட்டில் இருக்கும்போதே அதனைப் பதிந்து வைப்போம். கூடவே, நாம் வாழும் ஊரின் பாட்டொன்றையும் பிழைக்கு அஞ்சாமல் பாடிப் பழகுவோம். பிறகு அந்த ஊர் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.