மேட்டை வெட்டும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியர் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ வீட்டுக்கடன் ஃபைல்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எஸ்டிமேட்டில் சிமென்ட், கம்பி, மணல், கூலி எல்லாம் இருக்கும். கட்டி முடித்த பிறகு மாதாமாதம் கரண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி இருக்காது.

என் சொந்த வீட்டுக்கும் அப்படித்தான். 1994-ல் தட்டையான கான்கிரீட் கூரை போட்டு, மேற்கே படுக்கையறை வைத்தேன். பங்குனி, சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். பிறகு ஏசி வாங்கினோம். அதன் பில்லை இன்று பென்ஷனில் இருந்து கட்டுகிறேன்.

இப்போது என் மகள் வீடு கட்டப்போகிறாள். ஐந்தரை சென்ட், சரிவு, நடுவே ஒரு பாறை. "ஜேசிபி விட்டு நெரப்பாக்கிரலாம் சார்" என்றார் ஒப்பந்தக்காரர். நான் அட்வான்ஸ் கொடுக்க இருந்தேன். "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று மகள் லாரி பேக்கர் வீட்டுப் படங்களைக் காட்டினாள்.

நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில், நாலாஞ்சிறையில், செங்குத்தான பாறைச் சரிவில் இருக்கிறது அந்த வீடு. 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். சரிவை அவர் நெரப்பாக்கவில்லை. பாறையை ஒட்டி, படிப்படியாக, பழைய மரங்களையும் ஓடுகளையும் சேர்த்துப் பல வருடங்களாகக் கட்டினார்.

இதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நம் சிதறால் மலைமேல் இருக்கும் சமணக் கோயில், ஒரு பாறையின்மேல் மற்றொரு பாறை கவிந்து உண்டான குகையில்தான் இருக்கிறது. நடுப்பகலில் உள்ளே போனால் குளிர்ச்சி தெரியும்.

பேக்கர் பரப்பிய இரண்டு முறைகளைச் சொல்கிறேன். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக வைத்து, சுவருக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் கால்வாசிக் கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். மற்றொன்று கூரை. கான்கிரீட் தட்டின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்க்கலாம். சிமென்டும் குறையும், சூடும் குறையும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டுக்கும் பழகிய கொத்தனார் வேண்டும். 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் கேரளத்தில் இம்முறையில் கட்டிவருகிறது. விளப்பில்சாலையில் பேக்கர் பெயரிலேயே பயிற்சி மையமும் உண்டு. கூரைக் கம்பிக் கணக்கை இன்ஜினியரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் தர்க்கம் வராமல் இல்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. "படிப்படியா கட்டினா நான் எப்படி நடக்க?" என்று கேட்டாள். நியாயம்தான். ஆகவே ரோட்டு மட்டத்தில் ஒரு படுக்கையறை, குளியலறை, சமையலறை. நாலடி தாழ்வாக மற்ற அறைகள். மேற்கே மாடிப்படியும் சாமான் அறையும். நாலு பக்கமும் இறங்கிய சாய்ப்பு. இரண்டு பருவமழைக்கும் வெயிலுக்கும் அதுவே குடை. பாறை அப்படியே முற்றத்தில் இருக்கும்.

இன்னொன்று. நான் சரிவை வெட்டினால் மேலே இருப்பவரின் மதில் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும். அவரும் நம் சங்க உறுப்பினர். தடுப்புச் சுவர் கட்டினாலும், ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அது சுவரைத் தள்ளும். என் எஸ்டிமேட்டில் இல்லாத செலவு அவர் தலையில் விழும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மேட்டை வெட்டும் முன் மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் கூப்பிட்டு நிலத்தில் வைத்தே பேசுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அங்கே நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு பிளான் போடுங்கள். எங்கள் பிளானைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். சாயா போட்டுத் தருகிறோம்.