காணாதவருக்குக் கண்ணான குரல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இளைஞர் சார்பில் பேசுமாறு பணிக்கப்பட்டபோது, உதைபந்தாட்டத்தையும் வானொலியையும் பற்றிப் பேச விழைந்தோம். சமயமும் சமூகமும் பேசும் மேடையில் பந்துக்கும் வானொலிப் பெட்டிக்கும் என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். ஆனால், கெலிஓயாவில் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவீர்கள். "அந்தக் காலத்து வானொலி போல இன்றைக்கு உண்டா? அந்தக் காலத்து ஆட்டம் போல இன்றைக்கு உண்டா?" என்று பெரியவர் ஒருவர் தொடங்குவார். "அந்தக் கதையை விடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, இளையவர் ஒருவர் கைத்தொலைபேசியில் இங்கிலாந்து ஆட்டத்தின் கோல் கணக்கைப் பார்ப்பார். இந்த வழக்கு நெடுநாளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. இன்று அதனைச் சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

ஆட்டத்தை வர்ணிப்பவரின் வேலை யாது? மைதானத்துக்கு வர முடியாதவருக்கு அங்கே நடப்பதைச் சொல்வதே அவ்வேலை. வானொலி பிறக்கும் முன்னரே அதற்கான தேவை இருந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி கல்கத்தாவில் மோகன் பகான் குழு, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அன்று திரண்ட பெருங்கூட்டத்தில் மைதானத்தைப் பார்க்க இயலாதிருந்தோருக்குக் கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டு அறிவித்தார்கள் என்று கூறுவர். எட்டி நிற்பவனும் நம்மவனே, அவனுக்கும் சேதி போய்ச் சேரவேண்டும் என்ற நினைவு அந்தப் பட்டத்திலே இருந்தது.

பதினாறு ஆண்டுகளின் பின், 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி, பி.பி.சி. நிறுவனம் லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் குழுவுக்கும் ஷெஃபீல்ட் யுனைட்டெட் குழுவுக்கும் நடந்த ஆட்டத்தை முதன்முதலாக நேரே ஒலிபரப்பியது. மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து இலக்கமிட்ட ஒரு படம் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. வேக்லம் என்பவர் ஆட்டத்தை வர்ணிக்க, இன்னொரு குரல் பந்து நிற்கும் கட்டத்தின் இலக்கத்தை இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பவர் வீட்டிலே படத்தை விரித்து வைத்துப் பந்தைப் பின்தொடர்ந்தார். ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. கேட்பவர் திசை தவறிவிடக்கூடாது என்பதற்காக எத்தனை முன்னேற்பாடு பாருங்கள்! நல்ல வர்ணனைக்கு அளவுகோல் வேண்டுமெனில், அந்த எட்டுக் கட்டங்களையே நாம் காட்டுவோம்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமாயிற்று. 2025 டிசம்பருடன் அதற்கு நூறாண்டு நிறைந்தது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் திரைப்படப் பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கி வைத்தபோது, கடலுக்கு அப்பாலிருந்தும் நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களைச் சொன்னாலே இங்குள்ள பெரியோரின் முகம் மலர்வதைக் காண்கிறோம்.

அந்தக் குரல்கள் ஏன் நெஞ்சில் நின்றன? இனிமை ஒரு காரணம். திருத்தமான உச்சரிப்பு மற்றொரு காரணம். அவற்றிலும் மேலான காரணம் ஒன்று உண்டு. தபாலட்டை எழுதிய நேயரின் பெயரையும் ஊரையும் அவர்கள் ஒலிவாங்கியின் முன் மரியாதையோடு வாசித்தார்கள். தேயிலை மலையிலோ வயல்வெளியிலோ இருந்த ஒருவர், தமது பெயரை வானலையில் கேட்டு, தாமும் இவ்வுலகில் ஓர் ஆள் என்று தலை நிமிர்ந்தார். தம்மைப் பற்றிப் பேசுவதை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். கேட்பவரைப் பற்றியே அதிகம் எண்ணினார்கள்.

விளையாட்டுக்கும் இவ்வாறான தமிழ்க் குரல்கள் வாய்த்தன. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் 2020 டிசம்பரில் மறைந்தார். கிரிக்கெட் ஆட்டத்தைத் தமிழில் வர்ணித்துப் புகழ்பெற்ற அவர், இலங்கை வானொலியிலும் குரல் கொடுத்தவர். ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லக்கூடியதென்று பலர் நினைத்திருந்த ஓர் ஆட்டத்தை, பந்து கையைவிட்டுப் போய் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் தமிழிலே சொல்லி முடிப்பது இலேசான காரியமா? மிஷன் பாடசாலைகளில் கற்ற எம்மைப் போன்றோர் ஆட்ட விதிகளையெல்லாம் ஆங்கிலப் பெயரிலேயே படித்தவர்கள். ஆகையால் அம்முயற்சியின் அருமை எமக்கு நன்கு விளங்கும். இலங்கையில் நாம் உதைபந்தாட்டம் என்கிறோம். தமிழகத்தார் கால்பந்து என்கிறார்கள். எந்தச் சொல்லாயினும் ஓடும் பந்தோடு ஓடிப் பழகினால்தான் அதற்கு உயிர் வரும்.

உணர்ச்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்! 1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி, மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மரடோனா இங்கிலாந்து வீரர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து சென்று இரண்டாவது கோலைப் போட்டார். ஆர்ஜன்டீன வானொலியில் வர்ணித்துக்கொண்டிருந்த விக்டர் ஹியூகோ மொராலஸ், தாம் உருகுவே நாட்டவராயிருந்தும், அழுதேவிட்டார். எந்தக் கிரகத்திலிருந்து வந்தவர் இவர் என்று வியந்து, கடவுளுக்கு நன்றி சொன்னார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்து மரடோனாவின் காலுக்கு வந்தது முதல் வலைக்குள் போகும்வரை நடந்ததை அவர் சொல்லிக்கொண்டே வந்தார், பின்னரே அழுதார். கடமையை முடித்த பின் வந்த கண்ணீர் அது. ஆதலால்தான் இன்றும் உலகம் அதனைக் கேட்கிறது.

இனி வழக்கின் மறுபக்கம். 1987ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி நியூயோர்க்கில், நாள் முழுதும் விளையாட்டுப் பேச்சுக்கென்றே ஒரு வானொலி தொடங்கிற்று. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் 'டோக்ஸ்போர்ட்' வந்தது. பந்து உருளாத நேரத்திலும் அரட்டை உருண்டுகொண்டே இருக்கும். இரவு முழுதும் வாகனம் ஓட்டுபவருக்கும் தனியே கடை காப்பவருக்கும் அது ஒரு துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மெல்ல மெல்ல ஆட்டம் பின்னுக்குப் போய், பேசுபவரே காட்சியாகிவிட்டார். நியூயோர்க் வானொலியின் பெரும் நட்சத்திரமான மைக் ஃபிரான்செசா 2017 டிசம்பரில் விடைபெற்றார். 2018 மே மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார். ஒலிவாங்கியை விட்டுப் பிரிவது அத்தனை அரிது போலும்! அதே அரட்டை இன்று இணையத்தின் வழியாகத் தமிழிலும் எமது கைக்குள் வந்துவிட்டது. பழைய ஆட்டக்காரரும் பழைய அறிவிப்பாளரும் கூடி, தம் காலத்தின் சிறப்பையும் இக்காலத்தின் சிறுமையையும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

முதுமை ஒரு குற்றமா? ஒருபோதும் இல்லை. பி.பி.சி.யின் ஜோன் மொட்சன் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உதைபந்தாட்டத்தை வர்ணித்து 2018இல் ஓய்வு பெற்றார், 2023இல் காலமானார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாடம் படிக்கும் மாணவனைப் போலக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர் என்று பெயர் பெற்றவர் அவர். 1986 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல்கள் போட்ட லினேக்கர், பி.பி.சி.யின் வாராந்த உதைபந்தாட்ட நிகழ்ச்சியை 1999 முதல் நடத்தி, 2025 மே மாதத்தில் விடைபெற்றார். வயதைக் கொண்டு ஒருவரைத் தள்ளுவதும் பிழை. வயதைக் கொண்டே ஒருவரை ஏற்றுவதும் பிழை. இன்று ஆடும் பிள்ளையின் பெயரை அறிய இன்னும் விருப்பம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். உண்டு எனில் அந்தக் குரல் எண்பது வயதிலும் இளமையானது. இல்லையெனில் இருபது வயதிலேயே அது கிழடு தட்டிவிட்டது.

பழைய நினைவைப் பேணுவதற்கும் இதுவே நியாயம். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில், தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் பி. கே. பானர்ஜியும் கோல் போட, இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கத்தைப் பெற்றது. 1995ஆம் ஆண்டு கொழும்பில் இலங்கை, இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றது. இவற்றை மறக்கலாமா? ஆனால் 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்ட் மாதத்திலேயே தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் எமது வீடுகளில் இங்கிலாந்து ஆட்டங்கள் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. எமது நாட்டின் பந்து நின்றுபோனதை எத்தனை பேர் உணர்ந்தோம்? பெரியவர் பழங்காலத்தில் வாழ்கிறார். இளையவர் பிறநாட்டில் வாழ்கிறார். இருவருக்கும் நடுவே கெலிஓயாவில் ஆடும் சிறுவனைப் பார்க்க ஆளில்லை.

அவையோரே, எமது கவலை இதுதான். பேராதனை தொடங்கிக் கம்பளைவரை மாலை வேளையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து ஓடும் இடம் மைதானத்தைப் போல வேறெது? அவர்கள் போடும் கோலை யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்னர் ஆடியவர்களின் கதையோ முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

ஆதலின், இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, அடுத்த சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் வர்ணனை செய்வோம். நோயாலோ முதுமையாலோ வீட்டைவிட்டு வர இயலாதோருக்குக் கைத்தொலைபேசி வழியாக அதே குரலை அனுப்புவோம். இரண்டாவது, ஒலிவாங்கியின் முன் ஒரு பெரியவரையும் ஓர் இளையவரையும் சேர்த்து அமர்த்துவோம். பந்து ஓடும்போது இளையவர் பேசட்டும். பந்து நிற்கும்போது பெரியவர் பழைய கதை சொல்லட்டும். ஹைபரி மைதானத்திலும் இரண்டு குரல்கள் இருந்தன அல்லவா? மூன்றாவது, இவ்வூரில் முன்னர் ஆடியவர்களின் நினைவுகளை, பெயர், ஆண்டு, கோல் கணக்கு ஆகியவற்றுடன் ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, இம்மலரில் ஆண்டுதோறும் வெளியிடுவோம்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரியோர்களே, உங்கள் காலத்துக் குரல்களைப் போற்றுங்கள். அவற்றைக் கேட்டு வளர்ந்த செவியோடு எமது பிள்ளைகளின் ஆட்டத்தையும் வந்து பாருங்கள். இளைஞர்களே, பெரியவர் கதை சொல்லும்போது எழுந்து போகாதீர்கள்; குறிப்புப் புத்தகத்தோடு அருகே அமருங்கள். எட்டி நிற்பவனுக்கும் சேதி போய்ச் சேரவேண்டும் என்ற நினைவு உள்ளவரையில், நல்ல குரலுக்கு எக்காலத்திலும் குறைவு வராது.