உழைத்துக்கொண்டே படிப்போர்க்கு ஒரு சொல்

(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கவும் செய்கின்ற நம் பிள்ளைகளின் மனச்சுமையைக் குறித்து இன்று பேச விழைகிறேன். நூற்பாலையிலும், பவுண்டரியிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் உழைத்தவாறே பட்டம் பெற முயல்வோர் நம்மிடையே பலர். "புத்தகத்தைத் திறந்தாலே கண் இருட்டுகிறது ஐயா, எனக்குப் படிப்பு வராது போலிருக்கிறது" என்று அவர்கள் என்னிடம் வந்து வருந்துவதுண்டு. படிப்பு வராமல் இல்லை, உறக்கம் போதவில்லை. அதற்கு மேல், எவரிடமும் சொல்லாமல் ஒளித்துச் சுமக்கும் பாரமும் இருக்கிறது.

இந்த ஒளித்தல் நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சிறுவராய் இருந்தபோது பயின்றது இதே கோயம்புத்தூரில்தான். சுமார் 400 மாணவர் படித்த பள்ளியில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் பிராமணர் என்று, 1939-ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். தம் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியில் இருந்து படித்து, பின்னரே வகுப்பிற்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் எவரும் உடன் வரமுடியாதபடி விரைந்து வீடு திரும்புவார். அச்சிறுவரே பின்னாளில், 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, நம் மக்களுக்காக வாதாடினார்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டில் ஒரு நூற்பாலையின் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தேன். ஆலையில் கேலி செய்வார்களென்று படிப்பதை மறைத்தேன். தேர்வுக்கு வந்தவர்களிடம் ஆலைத் தொழிலாளி என்பதை மறைத்தேன். ஒரு நாள் முழு நைட்டு முடித்து, காலை 8 மணிக்கு வெளிவந்து, 10 மணிக்குத் தேர்வில் அமர்ந்தேன். விடைத்தாளின் மீதே கண்ணயர்ந்துவிட்டேன். அந்தத் தாளில் தேறவில்லை. படிப்பையே விட்டுவிட எண்ணினேன்.

அப்போது மூத்த தொழிலாளி ஒருவர், தூக்குப்போசி வைத்திருந்த பையில் என் பாடப்புத்தகத்தைக் கண்டார். "ஏங்கண்ணு ஒளிக்கிறே? படிக்கிறது களவா?" என்றார். அடுத்த தேர்வு வாரத்தில் தம் அரை நைட்டை எனக்குத் தந்து, என் முழு நைட்டைத் தாம் ஏற்றார். இரவு 1 மணிக்கு வேலை முடித்து, விடியும்வரை உறங்கி, தேர்வெழுதித் தேறினேன். என் பட்டத்தில் அவருடைய உறக்கமும் கலந்திருக்கிறது.

இளைஞர்களே! உறக்கத்தைத் திருடிப் படிக்காதீர்கள். படித்தவை நினைவில் பதிவதற்கே உறக்கம் வேண்டும் என்று அறிவியல் கூறுகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும்; அதைத் தவறவிடாதீர்கள். ஷிப்டு மாறினால் படிக்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் தவறினால் மனம் ஒடியாதீர்கள். அண்ணலின் லண்டன் படிப்பு, உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியில் நின்றது. 1918 முதல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். அவருடைய ஆய்வேட்டையும் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் பணித்தனர். திருத்தி அனுப்பி, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

பெற்றோர்களே! வேலைவிட்டு வரும் மகனைப் படிக்க அமர்த்திவிட்டு, வேலைவிட்டு வரும் மகளை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். இருவருக்கும் களைப்பு ஒன்றே. பிள்ளைகள் பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் பேசாமலும் இருந்தால், அதைச் சோம்பல் என்று ஏசாமல் அருகமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் இழிவேதுமில்லை. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

தலைவர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அண்ணல் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குச் செல்வோரும் பயிலும்படி வகுப்புகளைக் காலை நேரத்தில் வைத்தார். உழைப்பவனின் நேரத்திற்குக் கல்லூரியே இணங்கி வந்தது. நம் சங்கக் கட்டடத்திலும் ஓர் அறையை விடியற்காலையிலும் இரவிலும் திறந்துவைக்க வேண்டுகிறேன். ஒரு விளக்கும், நான்கு மேசைகளும், பழைய வினாத்தாள்களும் போதும். பட்டம் பெற்றவர் வாரம் ஒருநாள் அங்கு வந்து அமரட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

அன்று அச்சிறுவர் நம் ஊரில் தனியே ஓடினார். இனி நம் பிள்ளைகளில் எவரும் தனியே ஓடவேண்டாம். வளர்க கல்வி! வாழ்க சங்கம்!