புறநகர் யாருக்கு?

(தில்லியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது இளம் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தோழர், வாடகை கட்டுப்படியாகவில்லை. பிள்ளையை வரும் ஆண்டு பள்ளியில் சேர்க்க வேண்டும். நொய்டாவுக்குப் போகலாமா, துவாரகாவில் பார்க்கலாமா, குருகிராம் சரிப்படுமா?" வாசிப்பு வட்டத்தில் பேசுவதற்கு இது ஒரு பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கெல்ஸ் 1872இல் குடியிருப்புப் பிரச்சனை குறித்து எழுதியவையும் ஒரு தொழிலாளர் பத்திரிகையில் வந்த விவாதக் கட்டுரைகள்தாம். ஆகவே தயக்கமின்றி வாடகைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

'புறநகர்' என்ற சொல்லை வாரந்தோறும் மொழிபெயர்ப்பில் எழுதுகிறவன் நான். எழுதும்போதெல்லாம் சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை நினைவுக்கு வரும். பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த குடும்பமும் முதலில் நகரின் வெளியேதான் தங்கியது. தமிழாசிரியர் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தில்லியின் புறநகர்கள் தாமாக வளர்ந்தவை அல்ல. தில்லி வளர்ச்சி ஆணையம் 1957இல் அமைந்தது. நிலத்தை அரசே கையகப்படுத்தி, அரசே மேம்படுத்தி வழங்குவது என்பது கொள்கை. ரோகிணியும் துவாரகாவும் அவ்வழியில் வந்தவை. எல்லைக்கு அப்பால் கதை வேறு. அரியானா 1975இல் இயற்றிய நகர்ப்புற வளர்ச்சிச் சட்டத்தின் கீழ், தனியார் நிறுவனங்கள் உழவர்களிடம் நேரடியாக நிலம் வாங்கி, உரிமம் பெற்று, மனைகளாக்கி விற்றன. இன்றைய குருகிராம் அப்படி உருவானது. நொய்டா அவசரநிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், தொழில் வளர்ச்சிப் பகுதியாகப் பிறந்தது. அங்கே நிலத்தைக் கையகப்படுத்தியது ஆணையம். பின்னாளில் அதில் அடுக்ககம் எழுப்பி இலாபம் பார்த்தவை தனியார் நிறுவனங்கள். இந்த வேறுபாடு பழைய வரலாறாக முடிந்துவிடவில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வரை வந்து நிற்கிறது.

எப்படியென்று சொல்கிறேன். தில்லியில் பல தனியார் பள்ளிகள் வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் நிற்கின்றன. அவற்றின் ஒதுக்கீட்டு ஆணையிலேயே, அரசின் முன் அனுமதியின்றிக் கட்டணம் உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. உச்சநீதிமன்றம் 2004இல் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் இந்த நிபந்தனையின் வலுவை ஏற்றது. பள்ளிகள் இதை மதிக்கின்றனவா என்றால், போராடும் இடத்தில் மதிக்கின்றன. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதமாவது பெற்றோருக்கு உண்டு. உத்தரப்பிரதேசத்தில் 2018ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அது ஆண்டுதோறும் ஏற்றுவதற்கு ஒரு வரம்பைச் சொல்கிறதேயன்றி, முதலில் எவ்வளவு வாங்கலாம் என்பதில் பெற்றோருக்குப் பெரிய பிடிமானம் தரவில்லை. அரசுப் பள்ளியை நம்பலாமே என்றால், 2025 ஜூனில் அம்மாநில அரசு மாணவர் குறைந்த தொடக்கப் பள்ளிகளை அடுத்த பள்ளியோடு இணைக்க ஆணையிட்டது. அரியானாவில் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடமளித்து வந்த 134ஏ விதி 2022இல் நீக்கப்பட்டது.

வீடு பார்க்கும்போது பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்று உண்டு. தில்லி அரசின் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்திலும் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 85 விழுக்காடு இடங்கள் தில்லிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களுக்கு. எல்லைக்கு அப்பால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படித்த பிள்ளை மீதி 15 விழுக்காட்டில் நாடு முழுவதோடும் போட்டியிட வேண்டும். ஆறு வயதில் வீடு மாற்றும்போது பதினெட்டு வயது யாருக்கு நினைவிருக்கிறது? எனக்கு இருக்கவில்லை. காஜியாபாத் பக்கம் வாடகை குறைவென்று குடிபோய், மகள் ஒன்பதாம் வகுப்பு வந்தபின் இதை அறிந்து மீண்டும் யமுனையைக் கடந்து வந்தவன் நான். இடையில் அவள் படித்த பள்ளியில் கட்டிட நிதி என்று கட்டிய தொகைக்கு இன்றுவரை இரசீது வரவில்லை.

தமிழ் படிக்க வேண்டும் என்று நினைப்போருக்குக் கணக்கு இன்னும் குறுகுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நெடுங்காலமாக நடத்திவரும் ஏழு பள்ளிகளும் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் ஆகிய இடங்களில் உள்ளன. ஒன்றிய அரசு ஊழியர் குடியிருப்புகளில் தமிழர் செறிந்திருந்த காலத்தின் வரைபடம் அது. அந்தக் குடியிருப்புகளின் நிலை என்ன? சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2016இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. செலவை ஈடுகட்ட நிலத்தின் ஒரு பகுதி வணிகத்துக்கு. நௌரோஜி நகரில் இன்று நிற்பது உலக வணிக மையம். பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் நகர்ந்து போய்விட்டார்கள்.

வாடகைக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குப் பொருந்தாது என்று 1988இல் திருத்தப்பட்டது. அந்த வரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. 3,500 ரூபாய்க்கு இன்று குடும்பம் வாழும் வீடு கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் முகவரியை எனக்குத் தாருங்கள். ஆக, வாடகைதாரருக்குச் சட்டம் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தம்தான் உண்டு. சொந்தமாக வாங்கலாம் என்று நொய்டா பக்கம் போனவர்களில் ஆம்ரபாலி நிறுவனத்திடம் மட்டும் சுமார் 42,000 பேர் பணம் கட்டி ஏமாந்தார்கள். வாங்கியவர்களின் பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதை 2019 ஜூலையில் உச்சநீதிமன்றம் கண்டறிந்து, மீதிக் கட்டுமானத்தை முடிக்கும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனமான என்பிசிசியிடம் கொடுத்தது. தனியார் கெடுத்ததைப் பொதுத்துறை முடித்துக் கொடுக்கிறது. இவர்களில் பலர் வங்கித் தவணையையும் வாடகையையும் சேர்த்துக் கட்டிய சம்பளக்காரர்கள். "அவர்கள் நடுத்தர வர்க்கம், நமக்கென்ன" என்று நம்மில் சிலர் பேசியது தவறு.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டு கட்டண உயர்வுக்குப் பின் 21 முதல் 32 கிலோமீட்டர் வரையிலான மெட்ரோ பயணத்துக்கு 54 ரூபாய். கணவனும் மனைவியும் நொய்டாவிலிருந்து தென் தில்லிக்கு வேலைக்கு வந்தால், அட்டைக்கான தள்ளுபடி போக, மாதம் ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். வீட்டிலிருந்து நிலையத்துக்கு மின் ரிக்‌ஷா தனி. வாடகையில் மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும். நாளுக்கு மூன்று மணி நேரமும் கூடவே போகும். தனியார் சாலைக்கு நொய்டா டிஎன்டி பாலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆண்டுக்கு 20 விழுக்காடு இலாபத்துக்கு ஒப்பந்தம் உறுதியளித்திருந்தது. வசூலித்தும் செலவு தீராத கணக்கு அது. 2016இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சுங்கத்தை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கேட்ட தோழருக்கு என் கருத்து: தில்லி எல்லைக்குள்ளேயே இருங்கள். துவாரகாவோ ரோகிணியோ, அறை ஒன்று குறைந்தாலும் சரி. ஜனக்புரிப் பள்ளிக்குத் துவாரகா அருகில் என்பது கூடுதல் வசதி. குருகிராம், அங்கேயே வேலை உள்ளவருக்கு மட்டும்.

இத்தனை நேரம் நான் பேசியது இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைப் பற்றி. நரேலாவைப் பட்டியலில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? வீட்டுத் தரகர் யாரும் சேர்ப்பதில்லை. வளர்ச்சி ஆணையம் அங்கே கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் விற்காமல் கிடந்தன; மெட்ரோ இல்லை. ரித்தாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை தடம் அமைக்க 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. வசதியுள்ளவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய அந்த இடத்துக்குத்தான் ஜங்புராவின் மதராசி கேம்ப் மக்கள் அனுப்பப்பட்டார்கள். 2025 ஜூன் 1 அன்று, பாராபுல்லா வடிகாலைத் தூர்வாருவதற்காக, நீதிமன்ற ஆணைப்படி 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியென அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். ஏனையோருக்கு நரேலாவும் இல்லை.

அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்து, சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்து, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். நரேலாவுக்கும் ஜங்புராவுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண் காலை ஆறரைக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டுமானால் எத்தனை மணிக்குப் புறப்படுவார்? 2019 அக்டோபரில் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துத் திட்டம் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். அந்த நேரத்தில் பேருந்து இருந்தால். பிள்ளைக்குப் பக்கத்தில் இந்திப் பள்ளி உண்டு என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தமிழை விட்டுவிட்டு வேறொரு பள்ளியில் நடுவில் நுழைவது என்ன என்பதை அரசாணை பேசுவதில்லை. 1975-77இல் திரிலோக்புரிக்கும் மங்கோல்புரிக்கும், 2004இல் யமுனைக் கரையிலிருந்து பவானாவுக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே: முதலில் வேலை போனது, பிறகு பிள்ளையின் படிப்பு நின்றது.

அடுத்த ஞாயிறு நம்மில் சிலர் நரேலாவுக்குச் செல்கிறோம். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று குடும்பம் குடும்பமாக எழுதி வர வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பேருந்து, பள்ளி நேரத்துக்கு ஒரு நேரடி வண்டி, தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டவர்களின் மறுபரிசீலனை ஆகிய மூன்றையும் கேட்டு மனு தயாராகிறது. அதன் இந்தி வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். தமிழில் கேட்டு எழுதிக்கொள்ள ஆறு பேர் தேவை. நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.