கடைசிப் படியிலிருந்து ஒரு கிளப்: அக்ரிங்டன் ஸ்டான்லி

இந்த எபிசோட்ல மெஸ்ஸி வரமாட்டார், ரொனால்டோவும் வரமாட்டார். இங்கிலாந்துக்கு வடமேற்குல, லங்காஷயர்ல, அக்ரிங்டன்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. பருத்தி ஆலைகளும் செங்கல் சூளைகளும் வளர்த்த ஊர். அந்த ஊர் கிளப்தான் அக்ரிங்டன் ஸ்டான்லி. ஸ்டான்லின்னதும் யாரோ பெரிய மனுஷன்னு நினைச்சுடாதீங்க, ஊருக்குள்ள இருக்கிற ஒரு தெருவோட பேர் அது. இந்தக் கிளப் ஒரு தடவை செத்துப்போய், அடிமட்டத்திலிருந்து திரும்பி வந்திருக்கு. அது எப்படிச் செத்துச்சுன்னு தெரிஞ்சாத்தான், திரும்பி வந்தது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்து கால்பந்தை ஒரு ஏணியா நினைச்சுக்கோங்க. உச்சியில பிரீமியர் லீக், 20 அணிகள். அதுக்குக் கீழே மூணு டிவிஷன், ஒவ்வொண்ணுலயும் 24. ஆக மொத்தம் 92. இந்த 92-க்குக் கீழே இருக்கிற எல்லா லீக்குக்கும் சேர்த்து 'நான்-லீக்'னு பேர். நம்ம ஐபிஎல்ல கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்லதான் ஆடுவாங்க. அங்க அப்படிக் கிடையாது. மேல வந்தவங்க ஏறணும், கடைசியில வந்தவங்க இறங்கணும்.

இப்போ 1950-களுக்குப் போவோம். ஸ்டான்லி அப்போ மூணாவது டிவிஷன்ல, வடக்குப் பிரிவுல ஆடிக்கிட்டிருந்தாங்க. நல்ல டீம். பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரங்களை வெச்சே ஆடினாங்க. 1955-ல ரெண்டாவது இடம். 1958-ல மறுபடியும் ரெண்டாவது இடம். ஆனா அந்தப் பிரிவுல முதல் இடம் வந்தவங்க மட்டும்தான் மேல போக முடியும். ரெண்டு தடவையும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாங்க.

அடுத்த வருஷம் போயிடலாம்னு நம்பிச் செலவு பண்ணினாங்க. அதுல ஒண்ணு ரொம்பப் பிரபலம். ஆல்டர்ஷாட்ல ராணுவக் கண்காட்சிக்காகப் போட்டிருந்த ஒரு பார்வையாளர் ஸ்டாண்டை விலைக்கு வாங்கினாங்க. ஆல்டர்ஷாட் இருக்கிறது தெற்கு இங்கிலாந்துல. அங்கேயிருந்து பிரிச்சு, ஏத்திட்டு வந்து, இங்க மறுபடி நிறுத்தினதுக்கு ஆன செலவு, வாங்கின விலையைவிடப் பல மடங்கு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம ஊர்ல சொல்வோமே, அதேதான்.

அதே சமயத்துல, 1958-ல வடக்கு, தெற்குப் பிரிவுகளைக் கலைச்சு நாடு முழுக்க ஒரே மூணாவது டிவிஷன், ஒரே நாலாவது டிவிஷன்னு மாத்தினாங்க. இதனால பயணச் செலவு கூடிடுச்சு. 1960-ல ஸ்டான்லி நாலாவது டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க, கூட்டமும் குறைஞ்சுது. பக்கத்து ஊர் பர்ன்லி, சுமார் 10 கிலோமீட்டர்தான். அவங்க 1960-ல இங்கிலாந்து சாம்பியன். நீங்களே சொல்லுங்க, சனிக்கிழமை மத்தியானம் கையில காசு இருந்தா எந்த மேட்ச்சுக்குப் போவீங்க?

1962 மார்ச். கடன் கழுத்துக்கு மேல போயிடுச்சு. ஆலோசனை சொல்ல வந்தவர் பர்ன்லியோட சேர்மன் பாப் லார்ட். கிளப் நிர்வாகம் லீக்குக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி அனுப்பிடுச்சு. அனுப்பின பிறகு, பணம் தர ஆள் இருக்குன்னு தெரியவந்து, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறோம்னு கேட்டாங்க. லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் முடியாதுன்னுட்டார். அந்த சீசன்ல ஸ்டான்லி ஏற்கெனவே ஆடி முடிச்சிருந்த 33 மேட்ச்சோட முடிவுகளும் அழிக்கப்பட்டுச்சு. காலியான இடத்துக்கு நான்-லீக்லேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஸ்டான்லி உள்ளூர் லீக்ல கொஞ்சகாலம் இழுத்துப் பிடிச்சுப் பார்த்தாங்க. 1966-ல மூடிட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1968-ல, ஊர்ல இருந்த தொழிலாளர் மன்றம் ஒண்ணுல கூட்டம் போட்டு, அதே பேர்ல புது கிளப் ஆரம்பிச்சாங்க. 1970-ல புது மைதானத்துல ஆட ஆரம்பிச்சாங்க. பழைய கிளப்கிட்டேருந்து அவங்களுக்குக் கிடைச்ச சொத்து அந்தப் பேர் மட்டும்தான். அதுவும் கேலிக்குரிய பேராகிடுச்சு. 1989-ல வந்த ஒரு பால் விளம்பரத்துல, பால் குடிக்கலைன்னா அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்குன்னு இயன் ரஷ் சொன்னதா ஒரு பையன் சொல்வான். அது எந்த டீம்னு கூட இருக்கிறவனுக்குத் தெரியாது. அதுதான் ஜோக். நாடே சிரிச்சுது.

இன்னொரு பெரிய மாற்றத்தையும் சொல்லணும். பழைய காலத்துல நான்-லீக் கிளப் மேல வரணும்னா, லீக்ல இருக்கிற கிளப்புகள் ஓட்டுப் போடணும். உள்ள இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் ஓட்டுப் போட்டுக்குவாங்க, வெளியில இருக்கிறவன் வெளியிலேயே நிக்கவேண்டியதுதான். 1987-லதான் நான்-லீக் சாம்பியன் நேரடியா மேல வரலாம்னு ஆச்சு. அந்தக் கதவு திறக்கலைன்னா இந்தக் கதையோட அடுத்த பாதியே இருந்திருக்காது.

1995-ல எரிக் வாலி சேர்மன் ஆனார். 1999-ல ஜான் கோல்மன் மேனேஜரா வந்தார், கூடவே அசிஸ்டென்ட் ஜிம்மி பெல். பணம் எங்கேயிருந்து வந்துச்சு? 1997-ல பிரெட் ஓர்மரோட்ங்கற ஆட்டக்காரரை 50,000 பவுண்டுக்கு பிளாக்பூலுக்கு வித்தாங்க. ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்த்திருந்தாங்க: நாளைக்கு நீங்க அவரை வேற யாருக்காவது வித்தா, அதுல எங்களுக்கு ஒரு பங்கு. 2001-ல பிளாக்பூல் அவரை சவுத்தாம்ப்டனுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல வித்தாங்க. ஸ்டான்லிக்கு லட்சக்கணக்குல வந்துச்சு. ஒரு கடிதத்தால போன கிளப்புக்கு, ஒப்பந்தத்துல இருந்த ஒரு வரி கை கொடுத்துச்சு.

2000-ல ஒரு படி, 2003-ல ஒரு படி ஏறினாங்க. 2006-ல கான்ஃபரன்ஸ் லீக் சாம்பியன். 44 வருஷம் கழிச்சு அக்ரிங்டன் ஸ்டான்லிங்கற பேர் லீக் அட்டவணையில திரும்ப வந்துச்சு. அதே வருஷம் லீக்கை விட்டுக் கீழே இறங்கின ரெண்டு அணிகள்ல ஒண்ணு எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்.

கதையை இங்கேயே முடிச்சா சினிமா மாதிரி இருக்கும். ஆனா அந்த 2006-ல ஏறி இறங்கின நாலு கிளப்பையும் பாருங்க. ஸ்டான்லியோட மேல போன ஹியர்ஃபோர்டு யுனைடெட் 2014-ல மூடப்பட்டுச்சு. ஆக்ஸ்ஃபோர்டோட இறங்கின ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் 2011-ல மூடப்பட்டுச்சு. நாலுல ரெண்டு காலி. ஏறினதும் தப்பிக்கலை, இறங்கினதாலேயே எல்லாரும் சாகவுமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு 2024-ல ரெண்டாவது டிவிஷன் வரைக்கும் போயிட்டாங்க.

ஸ்டான்லியே 2009-ல மறுபடி விளிம்புக்குப் போனாங்க. 3 லட்சம் பவுண்டுக்கு மேல வரி பாக்கி. கெடுவுக்குள்ள கட்டி எப்படியோ தப்பிச்சாங்க. 2015-ல உள்ளூர் தொழிலதிபர் ஆண்டி ஹோல்ட் பொறுப்பெடுத்தார். 2018-ல லீக் டூ சாம்பியன். சுமார் 5,000 பேர் மட்டுமே நிக்கக்கூடிய மைதானத்தை வெச்சுக்கிட்டு, அஞ்சு வருஷம் மூணாவது டிவிஷன்ல தாக்குப்பிடிச்சாங்க. 2023-ல இறங்கிட்டாங்க.

நான் பார்க்கிறது இதுதான். ஏணி இருக்கிறதாலதான் அக்ரிங்டன் மாதிரி ஒரு ஊர் திரும்ப ஏறி வர முடிஞ்சுது. அதே ஏணிதான், இன்னும் ஒரே படின்னு ஆசை காட்டி, இல்லாத காசைச் செலவு பண்ணவும் வைக்குது. 1955-ல ரெண்டாவது வந்த டீம் தோல்வியால சாகலை. அடுத்த படியை ஏறிட்டதாவே நினைச்சு, அதுக்கான செலவை முன்கூட்டியே பண்ணிச்சு. 2023-ல இறங்கினப்போ சோகம் இருந்துச்சு, ஆனா அடுத்த சனிக்கிழமை ஆட ஒரு கிளப் இருந்துச்சு. சின்ன கிளப்புக்கு அதைவிடப் பெரிய கோப்பை இல்லைன்னு நான் சொல்வேன்.

அடுத்த தடவை ஸ்கோர் ஆப்பைத் திறக்கும்போது கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. அந்த சின்ன பேர்களுக்குப் பின்னாடியும் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.